லாரியை அனுப்பியவர்கள்

தை பிறந்துவிட்டால், கேரளத்தின் எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் முதலமடைப் பக்கத்துச் சாலைகளில் லாரிகளுக்குத்தான் முதல் மரியாதை. மற்ற ஊர்களில் மாமரம் பூவோடு நிற்கும்போதே எங்கள் தோப்புகளில் காய் முற்றிவிடும். வடக்கே இருக்கும் சந்தைகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். இறக்குகிற ஆள், தரம் பிரிக்கிற ஆள், பெட்டி அடுக்குகிற ஆள் எல்லோரும் லாரி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த லாரி ஒன்றுதான் ஒரு காலையில் என்மேல் ஏறியது. பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நேரான சாலை. வெயில் நன்றாக வந்துவிட்டது. எதிரே வந்த லாரி கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் ஒதுங்கி வந்தது. ஹார்ன் இல்லை, பிரேக் பிடித்த சத்தமும் இல்லை. நான் வண்டியை மண்ணில் இறக்கினேன். அது போதவில்லை.

கண் திறந்தபோது ஒரு மனிதர் தன் துண்டைக் கிழித்து என் தொடையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு அசந்துட்டேன்க்கா. ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்தேன். அசந்துட்டேன்க்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர்தான் டிரைவர். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. அந்த வழியாக வந்த ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றியவர் அவர்தான். ஆட்டோ கிளம்பிய பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்து அடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்போது அதைக் கேட்டு எனக்கு வருத்தம் வரவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துப் படுத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

லாரிக் கம்பெனியின் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் பெரிய கம்பெனி அது. எங்கள் ஊர் மாங்காய் ஷெட்டுக்கு சீசன் முழுக்க வண்டி அனுப்புவது அவர்கள்தான். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வந்திருந்தார். என் தலைமாட்டில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரிடம், "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. எங்க வண்டி, எங்க பொறுப்பு. எல்லாம் பாத்துக்கலாம்," என்றார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் நேரில் போனபோது வெளியிலேயே உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

புரிய வைத்தவர் பாலக்காட்டில் இருக்கும் வக்கீலம்மா. கல்பாத்தி அக்ரஹாரத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். தலை முழுக்க நரை. பேச்சு மட்டும் படபடவென்று வரும். விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டில் மனுப் போட்ட பிறகு கம்பெனி கொடுத்த பதிலை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

"அந்த லாரிக்கு அன்னிக்கு இன்ஷூரன்ஸே இல்லை, கேட்டேளா? முடிஞ்சு போனதை இவா புதுப்பிக்கலை. அப்போ நஷ்டஈடு கம்பெனி தன் கையிலேருந்து தரணும். அதுக்குத்தான் இந்தக் கூத்து."

"என்ன கூத்துங்க?"

"டிரைவர் எங்க ஆளே இல்லைங்கறா. எங்க டிரைவர் டீ குடிக்க எறங்கினான், அந்த நேரம் பாத்து யாரோ ஒருத்தன் வண்டியை எடுத்துண்டு போயிட்டான், அவனை எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்கறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அந்த சீசன் பூரா அவருதானுங்க ஷெட்டுக்கு வண்டி கொண்டாந்தாரு. ஊருக்கே தெரியுமுங்க."

"ஊருக்குத் தெரிஞ்சா போறாது. கோர்ட்டுக்குத் தெரியணும். அதோட அந்த டிரைவரே, நான் கேக்காமத்தான் எடுத்தேன், கம்பெனிக்கு இதுல சம்பந்தமே இல்லைன்னு ஒப்புத்துண்டு பதில் போட்டிருக்கான். சட்டப்படி வண்டிக்குச் சொந்தக்காரா அவ்வளவு லேசுல கழண்டுக்க முடியாதாக்கும். ஆனா இது நமக்கு ஒரு முள்ளுதான். அவா நெனச்சபடி நடந்தா மொத்தமும் அவன் தலையில விழும். அவன்கிட்ட என்ன இருக்கு நமக்குக் கெடைக்கறதுக்கு?"

என் வீட்டுக்காரரோடு பஸ்ஸில் திரும்பினேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. கொல்லங்கோடு தாண்டிய பிறகு, "விட்டுப்போடலாமா புள்ள? நம்மளால ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகுமுங்க," என்றேன்.

அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நான் சண்டைக்காரி அல்ல. கடைக்காரன் எடை குறைத்தால்கூட வாயைத் திறக்காமல் வந்துவிடுகிறவள். ஆனால் அந்த மேனேஜர் என் தலைமாட்டில் நின்று, எங்க வண்டி, எங்க பொறுப்பு என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அதே வாய் இப்போது அந்த மனிதரைத் தெரியவே தெரியாது என்கிறது. கால் இப்படி ஆனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சிக்கல் எங்கள் ஊருக்குள்ளேயே வந்தது. மாங்காய் ஷெட்டை நடத்துகிறவர் என் வீட்டுக்காரருக்கு மாமா முறை. சுற்றியுள்ள தோப்புக்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் காய் போடுவோம். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். கேட்பதற்கு நானே போனேன்.

"வா அம்மிணி, உக்காரு. கால் எப்படி இருக்குது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"உனக்கு நடந்தது அநியாயம், நான் இல்லைங்கல. ஆனா அவங்க வண்டி நின்னு போச்சுன்னா இந்த ஊர்க் காயெல்லாம் ஆரு ஏத்தறது? உன்ற ஒருத்திக்காக அத்தன பேரும் காய அழுக வெக்கறதா?"

"நான் பொய் சொல்லச் சொல்லலைங்க மாமா. அந்த டிரைவரத் தெரியுமான்னு கேப்பாங்க. தெரியும்னு சொன்னாப் போதுமுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய இதுல இழுக்காதே," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாங்கள் வழக்கை விடவில்லை என்று தெரிந்ததும் அடுத்த சீசனில் எங்கள் காய்க்கு ஷெட்டில் இடமில்லாமல் போயிற்று. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு வண்டி நிறைந்துவிட்டது என்பார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு டெம்போ பிடித்து, பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய், கிடைத்ததற்குத் தள்ளிவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பறித்த காய்களைப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்தபடியே தரம் பிரித்துக் கொடுப்பேன். செந்தூரம் தனி, கிளிமூக்கு தனி. நின்று வேலை செய்ய முடியாவிட்டாலும் கை இருக்கிறதே.

அந்த நாட்களில்தான் டிரைவரை நேரில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அடிபட்ட அன்று அவர் முகத்தைப் பார்த்தவள் நான். பொய்யை விரும்பிச் சொல்கிற முகமாக அது எனக்குப் படவில்லை. வக்கீலம்மாவிடம் கேட்டேன்.

"போறதுல தப்பில்லை. ஆனா இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்படாது. பயமுறுத்தவும் கூடாது, ஆசை காட்டவும் கூடாது. நடந்ததைச் சொல்லுன்னு மட்டும் கேளுங்கோ," என்றார்.

டிரைவரின் வீடு இடுக்கி மலைமேல், சக்குபள்ளத்தில் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறிக் கம்பம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் இடம் கிடைத்தது. காலை மடக்க முடியாது என்பதால் முன்சீட்டைக் கொடுத்தார்கள். கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறும் ஒவ்வொரு வளைவிலும் தொடையிலிருந்து முதுகு வரை வலி இழுத்தது. மேலே குளிரும் மழைத் தூறலும். எங்கள் ஊர் வறண்ட காற்றில் பழகிய எனக்கு வேறு நாட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

சரிவில் இறங்கிப் போக வேண்டிய சின்ன ஓட்டு வீடு. டிரைவரின் மனைவிதான் வெளியே வந்தார். என் கைத்தடியையும் காலையும் பார்த்ததுமே யார் என்று தெரிந்துகொண்டார்.

"வாங்கக்கா," என்றார். "தூறலா இருக்கு, உள்ள வாங்க."

டிரைவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். ஆள் இளைத்திருந்தார். கவனமில்லாமல் வண்டி ஓட்டியதற்கான குற்ற வழக்கு தனியாக நடந்து, அவர் தப்பை ஒப்புக்கொண்டு தண்டனையும் வாங்கிவிட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். கம்பெனி அதற்குப் பிறகு அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

கடுங்காப்பி வந்தது. குடித்து முடித்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"நீங்க கேக்காம வண்டிய எடுத்தீங்கன்னு கோர்ட்டுல பதில் குடுத்திருக்கீங்க. அது நெசமுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். மனைவிதான் பேசினார்.

"கம்பெனிக்காரவுக அவுகளக் கூட்டிட்டுப் போயி, இப்படிச் சொல்லு, ஒன் கேசு செலவெல்லாம் நாங்க பாக்குறோம், குடும்பத்தையும் பாக்குறோம்னு சொன்னாகக்கா. அவுக ஒங்க ஊர்க்காரவுககிட்ட அடிபட்டு, ஸ்டேசன்ல பயந்து போயி இருந்த நேரம். கையெழுத்துப் போட்டுட்டாக. அதுக்கப்பறம் எட்டிக்கூடப் பாக்கல."

"அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொன்னாங்களா?"

"என்ன அர்த்தம்?"

வக்கீலம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். கம்பெனி கையைக் கழுவிவிட்டால் நஷ்டஈடு முழுக்க இவர் தலையில் விழலாம். கொடுக்க முடியாவிட்டால் இந்த வீட்டுக்கும் ஜப்தி வரலாம்.

அந்தப் பெண் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இந்த வீட்டுக்கா? எங்க அய்யா ஏலக்காட்டுல ஒழச்சுக் கட்டுன வீடு இது." கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இதச் சொன்னாகளா ஒங்ககிட்ட?"

அவர் தலையாட்டினார். சொல்லவில்லை என்று.

பிறகு அந்தப் பெண் என்னைக் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். "சரி, நெசத்தச் சொன்னா நீங்க ஜெயிச்சுருவீக. ஒங்களுக்கு நல்லது. இவுகளுக்கு என்ன? அப்பறம் எந்தக் கம்பெனி இவுகளுக்கு வண்டி குடுக்கும்?"

உள்ளதைத்தான் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்க. ஆசை காட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா இவரு தூங்காம வண்டி ஓட்டினதுக்கு இவரு மட்டும் காரணமில்லேன்னு எம் மனசுல படுது. அன்னிக்கு என்ன நடந்துதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்."

அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

வடக்கே லோடு இறக்கிவிட்டு அவர் தனி ஆளாகத் திரும்பி வந்திருக்கிறார். கூட வரவேண்டிய இன்னொரு டிரைவரைக் கம்பெனி அந்த சீசனில் நிறுத்திவிட்டது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கிப் படுத்திருக்கிறார். மேனேஜர் போன் செய்து, ஷெட்டில் காய் தயாராகிவிட்டது, காலையில் வண்டி அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறார்.

"முடியலண்ணேன்னு சொன்னேன்க்கா. ரெண்டு தடவ சொன்னேன். மூஞ்சியக் கழுவிட்டு எடுடான்னாரு. எடுத்தேன்." அவர் என் காலைப் பார்த்தார். "எந் தப்பு இல்லேன்னு சொல்ல வரல. நாந்தான் ஓட்டுனேன். ஆனா நான் திருடி எடுத்த வண்டி இல்லக்கா அது."

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்மேல் எனக்கிருந்த கோபம் எப்போது போயிற்று என்று சரியாகச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அது இல்லை. கிளம்பும்போது அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் ஜீப் நிற்கும் இடம் வரை என் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். பிடியை விடவேயில்லை.

விசாரணை நாளில் அவர் வந்தார், மனைவியோடு. பழைய பதிலைக் கம்பெனிக்காரர்களே எழுதித் தன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று கூண்டில் ஏறிச் சொன்னார். போன் வந்ததைச் சொன்னார், தூக்கத்தில் கண் மூடியதைச் சொன்னார். கம்பெனி வக்கீல் சும்மா விடவில்லை.

"அப்போது சொன்னது பொய், இப்போது சொல்வது மட்டும் நிஜமா? இந்தக் கம்பெனியில் வேலை செய்ததற்கு உன்னிடம் என்ன ஆதாரம்?"

"ஆதாரம் எதுவும் இல்லைங்கய்யா. சாவியக் குடுப்பாக, எடுத்துட்டுப் போவேன்."

வக்கீல் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அடுத்துக் கூப்பிடப்பட்டவர் எங்கள் ஷெட்டுக்கார மாமா. வக்கீலம்மா சம்மன் அனுப்பி வரவழைத்திருந்தார். மாமா எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போய் ஏறினார். மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா நீட்டி முழக்கவில்லை. டிரைவரைக் காட்டி, "இவரை இதுக்கு முன்னாடி பாத்திருக்கேளா?" என்று மட்டும் கேட்டார்.

நீதிபதி அதையே மலையாளத்தில் ஒருமுறை கேட்டார். மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். மேனேஜரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

"பாத்திருக்கறனுங்க," என்றார் கடைசியில். "அந்த சீசன் பூரா இவருதானுங்க வண்டி கொண்டு வருவாரு. அன்னைக்கும் வண்டி ஏன் வருலைன்னு மேனேஜருக்கு நான்தான் போன் பண்ணினேன். டிரைவர் பக்கத்துல வந்துட்டான்னு இவரு பேரச் சொன்னாருங்க."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் மாமாவிடம் போய் நின்றார். மாமாதான், "சத்தியம் பண்ணிப்போட்டு எப்படிடா தெரியாதுங்கறது?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

தீர்ப்பு வந்த நாளில் நான் தோப்பில் இருந்தேன். வக்கீலம்மா போன் செய்தார். டிரைவர் கம்பெனியின் ஆள்தான், கம்பெனியின் வேலையாகத்தான் வண்டி ஓடியது, நஷ்டஈட்டைக் கொடுக்க வேண்டியது கம்பெனி என்று தீர்ப்பாகியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் ஆள் தூக்காமல் என்னால் எழ முடியாது. அதை மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மருந்து அடித்துவிட்டு வரும் வரை மரத்தடியில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

ஆனால் கம்பெனி கொடுக்கவில்லை. கெடு முடிந்தது, இன்னொரு கெடுவும் முடிந்தது. அலுத்துப் போய் விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் மறுபடியும் பாலக்காட்டு பஸ் ஏறினேன். கம்பெனியின் லாரிகளை ஜப்தி செய்ய மனுப் போட்டோம். உத்தரவு கிடைத்தபோது மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. வண்டிகள் எங்கே நிற்கும் என்று, ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஆமீனுக்குக் காட்ட வேண்டும். அதைக் காட்ட என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஷெட் முன்னால் அவர்களுடைய இரண்டு லாரிகள் பெட்டி ஏற்றாமல் நின்றிருந்தன. ஆமீன் உத்தரவைப் படித்து ஒட்டியபோது வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மேனேஜர் கார் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, சீசன் நேரத்துல வண்டியப் புடிச்சு நிறுத்தறீங்களே, இது நல்லா இருக்குதுங்களா?"

"சீசன் நேரத்துலதானுங்க உங்க வண்டி எம்மேல ஏறுச்சு," என்றேன்.

"பேசித் தீத்துக்கலாமுங்க."

"பேசற காலமெல்லாம் போச்சுங்க. கோர்ட்டுல கட்டுங்க."

சில நாட்களில் கட்டிவிட்டார்கள். வண்டிகளை விடுவித்துக்கொண்டு போனார்கள்.

டிரைவர் இப்போது மலைமேலேயே ஜீப் ஓட்டுகிறார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய், மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறாராம். அவர் மனைவி எப்போதாவது போன் செய்வார். காலைப் பற்றி முதலில் கேட்டுவிட்டுத்தான் வேறு பேச்சு.

இந்த வருஷம் சீசனுக்கு முன்னால் ஷெட்டில் தோப்புக்காரர்கள் கூட்டம் நடந்தது; எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்த லாரிக் கம்பெனியைக் கூப்பிடுவது என்று பேச்சு. நான் எழுந்து, இன்ஷூரன்ஸ் இருக்கிற வண்டிதான் ஷெட்டுக்குள் வரவேண்டும், தூரத்து லோடுக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்றேன்.

"வாடகை கூடுமே அம்மிணி," என்றார் ஒருவர்.

"கூடட்டுமுங்க."

"அத ஆரு குடுக்கறது?"

"நாமதானுங்க. நம்ம காயத்தானே ஏத்தறாங்க?"

சத்தம் எழுந்தது. பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் உட்காரவில்லை. மாமா மேஜையைத் தட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, "இரு, அவ சொல்லி முடிக்கட்டும்," என்றார். நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.